வளைவில் ஒரு மதில்: கல்லடியில் எங்கள் ஒழுங்கையைச் சீரமைத்த அனுபவம்

கல்லடியில் மட்டக்களப்பு–கல்முனை வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒழுங்கையின் நீளம் 310 மீற்றர். வேலிக்கு வேலி 5.4 மீற்றர் அகலம். அதன் நடுவே 3 மீற்றருக்குக் கொங்கிறீட், இரு புறமும் மணல். பிரதான வீதியிலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் உள்ளே வந்ததும் ஒழுங்கை முழங்கையைப் போல மடங்கி, பிறகு மீண்டும் நேராகிறது. 2023 பெப்ரவரியில் ஒரு மாலை, டியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பதினொரு வயதுப் பிள்ளையை அந்த மடக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஓட்டி வந்தவனும் வேற்றூரான் அல்லன். இதே ஒழுங்கையில் எல்லோர் கையிலும் வளர்ந்த பையன். இருவருடைய தாய்மாரும் அன்றிரவு ஒரே வாசலில் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான், இதை யாரோ ஒருவருடைய கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிட முடியாது என்பது எங்களுக்கு உறைத்தது.

கொங்கிறீட் வருவதற்கு முன்னர் இந்த ஒழுங்கை வெறும் மணல். சைக்கிள் சில்லுப் புதையும். மோட்டார் சைக்கிளில் வருபவர் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளித்தான் வரவேண்டும். மாரியில் தண்ணீர் வடியாமல் கிடக்கும். நோயாளி ஒருவரைக் கதிரையில் வைத்துப் பிரதான வீதி வரைக்கும் தூக்கிச் சென்ற நாட்களை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே பாதை போட்டுத் தந்தபோது பால் பொங்க வைத்து வரவேற்றோம். இன்றும் அந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகத்தைப் பிடித்து வைக்கும் வேலையை அதுவரை மணல் சும்மா செய்துகொண்டிருந்தது என்பதும், மணலை மூடினால் அந்த வேலையை வேறொன்று செய்யவேண்டும் என்பதும் அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டுகளில் கிடுகு வேலிகள் ஒவ்வொன்றாகச் சீமெந்துக்கல் மதில்களாக மாறின. இரு புறமும் ஆளுயர மதில், நடுவே வழுவழுப்பான நேர்ப்பாதை என்று ஆன பின்னர், உள்ளே வருபவர் கண்ணுக்கு இது பிள்ளைகள் விளையாடும் குடியிருப்பாகத் தெரியவில்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்குவழியாகவே தெரிந்தது. நாங்கள் ஒன்றரை வருடம் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு காட்சியை மாற்றுவதற்காகத்தான்.

முதலில் செய்தது பிழையான வேலை. விபத்து நடந்த அடுத்த கிழமை, எவரிடமும் கேளாமல், இரவோடிரவாக ஒழுங்கையின் குறுக்கே ஒரு சாண் உயரத்தில் சீமெந்துத் தடை ஒன்றைக் கட்டினோம். அதற்கு வர்ணமும் பூசவில்லை, முன்னறிவிப்பும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம், காத்தான்குடிப் பக்கமிருந்து மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வழக்கமாக வரும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) அதில் ஏறி விழுந்தார். மணிக்கட்டுச் சுளுக்கிக்கொண்டது, பெட்டி உடைந்து சூடை, கீரி மீன்கள் கொங்கிறீட்டில் சிதறிக் கிடந்தன. அவர் எங்களை ஏசவில்லை. "கட்டுறதெண்டா ஒரு வெள்ளைக் கோடாவது போட்டிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். பகல் உணவுக்கு முன்னரே அலவாங்கு கொண்டு அந்தத் தடையை உடைத்து அகற்றினோம். ஒழுங்கைக்கு உரிய உள்ளூராட்சிச் சபையின் அனுமதி இல்லாமல் எவரும் வேகத்தடை கட்டக்கூடாது என்பதை அப்போதுதான் விசாரித்து அறிந்தோம். அந்த விதி ஏன் இருக்கிறது என்பதைக் காக்காவின் கை ஏற்கனவே எங்களுக்குக் காட்டியிருந்தது.

நான் கணித ஆசிரியன். கட்டட வேலை தெரிந்தவன் அல்லன். எனவே எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். ஒழுங்கையின் நேரான பகுதியில் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு சுண்ணக்கோடுகள் இட்டு, ஒரு கோட்டில் ஒரு மாணவனும் மறு கோட்டில் நானுமாக நின்று, கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தால் நேரம் எடுத்தோம். 50 மீற்றரை ஒருவர் 6 வினாடியில் கடந்தால் அவருடைய வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர், 4 வினாடி என்றால் 45, 3.6 வினாடி என்றால் 50. (இடைவெளியைக் குறைத்தால் கைவிரல் பிந்தும் நேரமே கணக்கைக் கெடுத்துவிடும், 50 மீற்றருக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.) இரண்டு காலைப் பொழுதுகளில் 50 வாகனங்களை அளந்தோம். அவற்றுள் 31 வாகனங்கள் 4 வினாடிக்குள் கடந்தன. அந்த 31 இல் பெரும்பாலானவை வெளியூர் வண்டிகளாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அவற்றில் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களே கூடுதலாக இருந்தார்கள், அவர்களில் என் தம்பியும் ஒருவன்.

அடுத்து மடக்கில் அளந்தோம். மோட்டார் சைக்கிளில் இருப்பவரின் கண்மட்டத்திலிருந்து பார்த்தால், மூலைவீட்டு மதிலுக்கு அப்பால் வரும் சைக்கிள் 9 மீற்றரில்தான் தெரியத் தொடங்குகிறது. மணிக்கு 45 கிலோமீற்றர் என்பது வினாடிக்கு 12.5 மீற்றர். கண்ட பொருளை மூளை உணர்ந்து, கை பிறேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி போகும் என்று வைத்துக்கொண்டால், பிறேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே அந்த 9 மீற்றரும் முடிந்துவிடும். அந்தப் பையன் பிறேக் பிடிக்கவே இல்லை என்று ஊர் பேசியது. அவன் பிடிப்பதற்கு இடமே இருக்கவில்லை என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்: வேகம் 30 இலிருந்து 60 ஆனால் அடியின் வலிமை இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராக இருக்கவேண்டும் என்று, 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் நடந்த வீதிப் பாதுகாப்பு பற்றிய உலக அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியதும் இந்தக் காரணத்தினாலேயே. நாங்கள் 30 ஐ எங்கள் இலக்காக எடுத்துக்கொண்டோம்.

ஆகவே முதல் வேலை மதில்மூலை. அதைத் தாழ்த்தித் தரும்படி கேட்கப் போனபோது மூலைவீட்டு மாமி மறுத்துவிட்டார். இரண்டாம் முறை போனபோதும் மறுத்தார். விபத்துக்குள்ளான பிள்ளை அவருக்குப் பேத்தி முறை; அப்படியிருந்தும் மறுக்கிறாரே என்று எங்களில் சிலர் மனக்கசப்போடு பேசினார்கள். மூன்றாம் முறை என் மனைவி தனியே போய்வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. "மதில இடிச்சா என்ர குமருகள் கிணத்தடியில எப்பிடி மனே குளிக்கிற?" என்று அவர் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அந்த மூலைக்கு நேர் உள்ளே அவர்களுடைய கிணற்றடி. அந்த மதில் அவர்களுக்கு மறைப்பு. எங்களுக்கு அது தடை. ஆண்கள் நான்கைந்து பேர் வாசலில் நின்று கேட்டபோது அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. இப்படியான வேலையில் இறங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: ஒரு மதில் ஏன் அங்கே நிற்கிறது என்பதை அறியாமல் அதை இடிக்கச் சொல்லிக் கேட்கவே கூடாது.

அதன் பிறகு வேலையின் ஒழுங்கு தானாகவே அமைந்தது. முதலில் கிணற்றடியைச் சுற்றி மூன்று புறமும் ஆளுயரத்துக்குச் சீமெந்துக்கல் மறைப்புக் கட்டினோம். தரையையும் சீமெந்திட்டு, தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போக வழி வைத்தோம். மாமி அதில் ஒரு கிழமை புழங்கிப் பார்த்துத் திருப்தி என்று சொன்ன பின்னரே மதிலில் கைவைத்தோம். 1.8 மீற்றர் உயர மதிலில் ஒன்பது வரிக் கற்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் 2.5 மீற்றர் தூரத்துக்கு, மேலேயுள்ள ஐந்து வரிகளையும் எடுத்து, நான்கு வரியை மட்டும் விட்டோம். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் மேசன் அண்ணன், எடுத்த எடுப்பில் உடைக்க விடவில்லை. மூலைத்தூணைத் தறித்தால் இரு புறத்து மதிலும் பிடிமானம் இழந்து சாயும் என்பதால், வெட்டு முடியும் இரண்டு இடத்திலும் முதலில் தூண் எழுப்பி, ஏழு நாள் நனைத்து, அதன் பின்னரே மேல் வரியிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். வேலை முடிந்ததும் அளந்தேன்: 9 மீற்றராக இருந்த பார்வைத்தூரம் 22 மீற்றராகியிருந்தது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வருபவர், கொங்கிறீட்டின் மேல் கடற்காற்று மணலைத் தூவி வழுக்கலாக்கியிருந்தாலும், 18 மீற்றருக்குள் நிறுத்திவிடலாம். வர்ணமும் பூவும் வருவதற்கு முன்னரே ஒழுங்கையில் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது இந்த ஐந்து வரிக் கல்தான்.

வேகத்தடைக்கு இம்முறை வரைபடம் வரைந்து, மனு எழுதி, ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டாரும் கையொப்பமிட்டுச் சபைக்குக் கொடுத்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்து, மடக்குக்கு 25 மீற்றர் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களைக் குறித்துத் தந்தார். வடிவத்தை நாங்கள் தேடிப் படித்திருந்தோம். பிரித்தானியாவின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் 1970களில் உருவாக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய வட்டவில் வடிவ மேடு, பயணத் திசையில் ஏறத்தாழ 3.7 மீற்றர் நீளமும், நடுவில் 75 முதல் 100 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. குறுகிய தடை சில்லைத் தூக்கி எறியும். நீண்ட மேடு மெதுவாக வருபவரை ஏற்றி இறக்கிவிடும். வேகமாக வருபவருக்கு மட்டுமே உடலில் குலுக்கம் தெரியும். கர்ப்பிணித் தாய்மாரும் முதுகுவலிக்காரரும் முச்சக்கர வண்டியில் போய்வரும் ஒழுங்கைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. நாங்கள் தாழ்ந்த அளவையே, அதாவது 75 மில்லிமீற்றரையே எடுத்தோம்.

பிளைவூட் பலகையில் அச்சு வெட்டினோம். நடுவிலிருந்து 60 சென்ரிமீற்றரில் உயரம் 67 மில்லிமீற்றர், 1.2 மீற்றரில் 43, 1.85 மீற்றரில் பூச்சியம் என்று குறித்து, ஒரு தென்னீர்க்கை வளைத்துப் பிடித்துப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு கீறினேன். பரவளைவை ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, அதை மரத்தில் வெட்டிக் கொங்கிறீட்டின் மேல் இழுத்துப் பார்த்த அந்தக் காலைப்பொழுது பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் பூச்சியத்தில் முடியும் ஓரம் தாளில்தான் நிற்கும். பழைய கொங்கிறீட்டின் மேல் மெல்லிய தோலாகத் தேய்ந்து முடியும் புதுக் கொங்கிறீட் சில நாளில் பொரிந்து கழன்றுவிடும் என்று மேசன் அண்ணன் எச்சரித்தார். ஆகவே இரு முனையிலும் பழைய தளத்தை ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு அங்குலம் ஆழமாகக் கொத்தி எடுத்து, புதியது அந்தப் பள்ளத்தில் ஊன்றி நிற்கும்படி செய்தோம். இடைப்பட்ட தளத்தையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சீமெந்துப்பால் பூசிய பின்னரே கொங்கிறீட் போட்டோம். ஒரே நாளில் முழு அகலத்தையும் மூடினால் எவரும் வெளியே போக முடியாது என்பதால், பாதி பாதியாக இரண்டு கிழமை எடுத்தோம். வர்ணம் பூசி, அறிவிப்புப் பலகை நட்டு முடிக்கும் வரைக்கும் இரவில் மேட்டின் இரு புறமும் அரிக்கன் லாம்பு வைத்தோம். காக்கா விழுந்த இடத்தை நாங்கள் மறக்கவில்லை.

மேடு நன்றாக அமைந்தது. எனினும் அடுத்த நாளே ஒரு புதிய ஆபத்துத் தலைகாட்டியது. மோட்டார் சைக்கிள்கள் மேட்டில் ஏறாமல் ஓரத்து மணலில் இறங்கிச் சுற்றிப் போகத் தொடங்கின. பள்ளிப்பிள்ளைகள் நடப்பது அந்த ஓரத்து மணலில்தான். ஆபத்தைத் தீர்க்கப் போய், அதைப் பிள்ளைகளின் காலடிக்கே தள்ளிவிட்டிருந்தோம். அன்று பின்னேரமே மணலோரத்தில் பழைய தென்னங்குற்றிகளைப் படுக்க வைத்து வழியை மறித்தோம். நிரந்தரமாக என்ன செய்வது என்று யோசித்தபோது, கம்பம் நட்டால் வைகாசிச் சடங்கின்போது அம்மன் ஊர்வலம் எப்படிப் போகும் என்று கோயில் பரிபாலன சபையிலுள்ள பெரியவர் கேட்டார். அதற்காக, நான்கங்குல பி.வி.சி. குழாயை இரண்டடி நீளத்தில் வெட்டி, கொங்கிறீட்டால் சுற்றி மண்ணில் புதைத்து, அதற்குள் இறங்கும்படி வைரம் பாய்ந்த தென்னங்கம்பங்களைச் சீவி நிறுத்தினோம். வேண்டியபோது இரண்டு பேர் சேர்ந்து தூக்கி எடுத்துவிடலாம். இடுப்பளவு உயரம், வெள்ளை வர்ணம், மேல்முனையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி. நடப்பவருக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவருக்கும் மட்டும் போதுமான இடைவெளி.

வடிகான் மூடிகளைப் பற்றி விரிவாக எழுதவேண்டும். ஏனெனில் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டது அதிலேதான். ஒழுங்கையின் ஒரு புறம் முழுவதும் 30 சென்ரிமீற்றர் அகலத்தில் திறந்த வடிகான் ஓடுகிறது. மடக்கையொட்டி 36 மீற்றரை மூடினால் நடப்பவர்களுக்கு அங்கே தனிப் பாதை கிடைத்துவிடும். மூடியொன்று 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 7.5 தடிப்பு; மொத்தம் 60 மூடிகள். வடிகானின் இரு சுவரிலும் 7.5 சென்ரிமீற்றர் வீதம் அது குந்தியிருக்கும். ஒரு மூடி ஏறத்தாழ 48 கிலோ. அதற்கு மேல் போனால் துப்புரவு செய்ய வருபவர்கள் தூக்கமாட்டார்கள், தூக்காவிட்டால் வடிகான் அடைபடும். ஆறு அச்சுப்பெட்டிகள் செய்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு மூடிகள் வார்த்தோம். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற கலவை. மணல் காலடியில் இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து ஆற்றுமணல் வாங்கவேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கடற்கரை மணலில் உள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். பக்கத்து ஒழுங்கையில் வெடித்துக் கிடந்த பழைய தூண் ஒன்றைக் காட்டித்தான் அவர்களுக்கு விளக்கினோம்.

முதற் சனிக்கிழமை வார்த்த ஆறும் பிழைத்துப்போயின. பத்து மில்லிமீற்றர்க் கம்பிகளைப் பின்னி அச்சுக்குள் வைத்துவிட்டு, கொங்கிறீட்டைக் கொட்டிக் குத்தியபோது, கம்பி அடித்தட்டோடு ஒட்டிவிட்டது. அச்சைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தால் அடிப்புறத்தில் கம்பியின் கோடுகள் எலும்பைப் போலத் தெரிந்தன. எப்போதும் ஈரத்தில் இருக்கும் வடிகான் மேல் அவற்றை வைத்தால் சில வருடங்கூடத் தாங்கா. சுமை மேலிருந்து அழுத்தும்போது அடிப்புறந்தான் இழுபடும் என்பதால் கம்பி கீழ்ப்பக்கமாகவே இருக்கவேண்டும்; ஆனால் அதற்கும் கீழே ஓர் அங்குலம் கொங்கிறீட் போர்வையாக இருக்கவேண்டும். இரண்டாம் கிழமையிலிருந்து, தீப்பெட்டியளவில் சீமெந்துக் கட்டிகள் வார்த்து, அவற்றின் மேல் கம்பிப் பின்னலை ஏற்றி வைத்தோம். புரட்டிப் போட்டுவிடாதபடி ஒவ்வொரு மூடியின் மேற்புறத்திலும் ஈரம் காயுமுன் ஆணியால் "மேல்" என்று எழுதினோம். அந்த எழுத்துகளைப் பிள்ளைகளே எழுதினார்கள், இன்றும் அவரவர் கையெழுத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். தூக்குவதற்குக் கம்பிக் காது வைத்தால் கடற்காற்றில் துருப்பிடித்துக் காலைக் கிழிக்கும். அதற்குப் பதிலாகக் குழாய்த் துண்டு வைத்து இரண்டு துளைகள் விட்டோம். கயிறு கோத்துத் தூக்கலாம், மழைநீரும் அதனூடாக இறங்கும். மூடிகளுக்கு இடையிலுள்ள நீக்கல்கள் யாவும் ஒழுங்கைக்குக் குறுக்காகவே அமைந்தன. அவை நெடுக்காக இருந்திருந்தால் சைக்கிள் சில்லு அதில் இறங்கிச் சிறைப்பட்டிருக்கும்.

பிழைத்த ஆறு மூடிகளை உடைக்க மனம் வரவில்லை. ஈரம் படாத இடத்தில், அடிப்புறத்துக்குச் சீமெந்துப்பால் தடித்துப் பூசி, இரண்டிரண்டாகச் சேர்த்துச் சிறு தூண்களின் மேல் வைத்ததும் மூன்று இருக்கைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை முதலில் மடக்குக்கு அப்பால் நிழலான மூலையில் வைத்தோம். ஒரு மாதத்துக்குள், அந்த வழியால் டியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகள் சுற்றுவழியால் போகத் தொடங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் வெளிச்சமோ வேறு ஆள்நடமாட்டமோ இல்லாத இடத்தில் நான்கு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தால் ஒரு பெண்பிள்ளை தயங்கத்தான் செய்வாள். இருக்கையைக் கிளப்பி, தெருவிளக்கின் கீழே, சில்லறைக் கடை வாசலுக்கு எதிரே வைத்தோம். இப்போது அதில் பின்னேரங்களில் கடைக்காரரின் தாயார், முருங்கையிலை ஆய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கும் நேரத்தில் வேகமாக வரும் எந்தப் பையனும் தானாகவே கையைத் தளர்த்திவிடுகிறான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 1960களின் இறுதியில் குடியிருப்புத் தெருக்களை வீட்டு முற்றம் போல மாற்றும் முயற்சி தொடங்கியதையும், 1976 இல் அந்த நாட்டுச் சட்டம் அத்தகைய தெருக்களை ஏற்றுக்கொண்டதையும் பின்னர் படித்தேன். மரமும் இருக்கையும் பாதைக்குள்ளேயே வந்துவிடும் தெருவில், ஓட்டி வருபவர் தாம் பிறர் முற்றத்துக்குள் நுழைந்திருப்பதாக உணர்ந்து வேகத்தைக் குறைக்கிறார் என்பது அதன் அடிப்படை. முற்றம் என்ற சொல்லை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒழுங்கையிலே கிளித்தட்டுக் கோடு கீறி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள்.

மரங்களுக்கு ஒக்டோபர் வரை காத்திருந்து, முதல் மழையோடு நட்டோம். உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் பூவரசையே பெரும்பாலும் தெரிந்தோம். கட்டைவிரலைவிடத் தடித்த கதியால்களை வெட்டி நட்டால் போதும். பதினான்கு நட்டதில் ஒன்பது தளிர்த்தன; மீதியை ஆடுகள் முடித்துவிட்டன. ஆடு தின்னாது என்பதற்காக அலரி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பிள்ளைகள் காய் பொறுக்கி விளையாடும் இடத்தில் அது வேண்டாம் என்று ஒரே குரலில் மறுத்தோம். மின்கம்பிகளுக்குக் கீழே செவ்வரத்தை மட்டுமே வைத்தோம். உயர மரம் வைத்தால் கம்பிக்குத் தொடும்போது உச்சியைத் தறித்து மொட்டையாக்கிவிடுவார்கள். மடக்கின் அருகே எந்தச் செடியும் முழங்காலுக்கு மேல் வளராதபடி வெட்டிவிடுவது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மதிலைத் தாழ்த்திப் பெற்ற பார்வையைப் பூச்செடியிடம் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

மதில்களில் பிள்ளைகள் வாவியையும், பழைய கல்லடிப் பாலத்தையும், பாடும் மீனையும் வரைந்தார்கள். மட்டக்களப்பில் சுவர் கிடைத்தால் பாடும் மீன் வராமல் இராது. படலைகளில் வீட்டிலக்கத்தைப் பெரிதாக எழுதினோம். இரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தால் வீடு தேடி அலையக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

நவம்பர் மழை எல்லாவற்றையும் சோதித்தது. மேட்டின் வடிகான் பக்கத்தில் 20 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டிருந்தோம், எதிர்ப்பக்கத்தில் விடவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் அணைகட்டியதுபோல நின்று இரண்டு வீட்டு வாசலுக்குள் ஏறியது. மழைக்குள்ளேயே மேட்டின் ஓரத்தைக் கொத்தித் திறந்தோம். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்காக மணலில் தோண்டியிருந்த ஊறுகுழி கோடையில் வாளி வாளியாகத் தண்ணீரைக் குடித்தது. டிசம்பரில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து கிணறுகள் விளிம்புக்கு வந்தபோது, அந்தக் குழியிலிருந்து தண்ணீர் மேலே வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள நிலத்தில் மாரிக்கு ஊறுகுழியை நம்பக்கூடாது, வடிகானுக்கே வழிவிடவேண்டும். சுவரோவியங்களின் அடிப்பாகத்தில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து வர்ணம் செதில் செதிலாகக் கழன்றது. பெயின்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. ஈரம் வெளியேறும் வழியில் உப்பு அதைத் தள்ளிக் கழற்றுகிறது. தை பிறந்ததும் அந்த அடிப்பட்டையைச் சுரண்டிச் சுண்ணாம்பு மட்டும் பூசினோம். சுண்ணாம்பை வருடாவருடம் பூசவேண்டும், ஆனால் அது சுவரை மூச்சுவிட விடும்.

2024 பெப்ரவரியில் அதே இடத்தில், அதே 50 மீற்றரில், அதே காலை நேரத்தில் மீண்டும் 50 வாகனங்களை அளந்தோம். 4 வினாடிக்குள் கடந்தவை நான்கு. பெரும்பாலானவை 6 முதல் 8 வினாடி எடுத்தன. நேரக் கணிப்பில் ஒரு முனையில் நின்றவள், முறிந்த காலோடு மூன்று மாதம் கிடந்த அந்தப் பிள்ளை. மறு முனையில் சுண்ணக்கோட்டுக்கருகே நின்று கையசைத்தவன், அன்று மோட்டார் சைக்கிளில் வந்த பையன். வேகமாகக் கடந்த நால்வரில் இருவரை அவனே வீடு தேடிப் போய்ப் பேசினான்.

வைகாசிச் சடங்குக்கு முதல்நாள் கம்பங்கள் அனைத்தையும் தூக்கி எடுத்து மாமியின் முற்றத்தில் அடுக்கினோம். ஊர்வலம் தடையின்றிப் போனது. தாழ்த்திய மதிலின் மேல் மாமி நிறைகுடம் வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துக் கம்பங்களைத் திரும்ப நிறுத்தப் போனபோது, மூன்று குழாய்களில் பாதிக்கு மேல் மணல் நிரம்பிக் கிடந்தது. கரண்டியால் தோண்டி எடுக்க அரை நாள் போயிற்று. கம்பம் இல்லாத நாட்களில் குழாயின் வாயை மூடி வைக்க, பிளைவூட் அச்சில் மிஞ்சிய பலகையில் வட்டம் வெட்டி, கைப்பிடிக்குக் கயிறு கோத்த மூடிகள் செய்துகொண்டிருக்கிறோம்.